கூடு 14

2024 டிசம்பர் 8, சிறியூர் (நீலகிரி, முதுமலைக் காடு)

காலை 6.40. ஓடைக்கரையில் ஈர யானை லத்தி. வனக்காவலர் அண்ணன் அதைக் குச்சியால் கிளறிப் பார்த்து, "போய் ஒரு மணி நேரம் ஆச்சு, வாங்க" என்ற பிறகுதான் நடந்தோம்.

பாறு (பிணந்தின்னிக் கழுகு) கூடு கட்டின மரத்தைக் கண்டுபிடிக்க அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, குனிந்தால் போதும். நீர்மருதின் அடியில் புல், கல், சருகு எல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல எச்சம். மரத்தடிக்குப் போகவில்லை, எதிர்க்கரையில் ஸ்கோப்பை நிறுத்தினேன். கூடு 14இல் ஒன்று அடையில். மொட்டைக் கழுத்து மட்டும் தெரிகிறது.

டிசம்பர் 22

9.15க்கு இணை பச்சை இலைக்கொத்தோடு வந்து இறங்கியது. அடையில் இருந்தது எழுந்து சிறகை விரித்ததும் முதுகில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. வெண்முதுகுப் பாறுதான், சந்தேகமில்லை.

2025 ஜனவரி 5

இன்று காட்டுக்குப் போகவில்லை. மசினகுடிப் பக்கம் ஒரு பட்டி. முந்தின நாள் ஊசி போட்ட மாடு படுத்திருந்தது. "குப்பி இருக்குங்களாண்ணே?" என்றதும் மாட்டுக்காரர் கூரை இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாணி ஒட்டின லேபிளைத் துடைத்துப் படித்தேன்: மெலாக்சிகாம் என்ற வலி மருந்து. அப்பாடா! அது பாறுக்குக் கெடுதல் செய்யாது.

பாறைக் கொல்லும் வலி மருந்துகளும் உண்டு. அவற்றில் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை 2006இலேயே தடை செய்தாயிற்று. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போகிறதென்று 2015இல் அதையும் நிறுத்தினார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023இல் தடை. இந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். ஈரல்மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் சரிந்துவிடும். சரிந்தும் விட்டது.

பிப்ரவரி 2

14இல் குஞ்சு! சாம்பல் பஞ்சு உருண்டை.

மார்ச் 16

டீக்கடையில் ஒரு தம்பி, "பாறு பெருகிடுச்சாமே?" என்றான். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலமும் சேர்ந்து எண்ணியபோது 246. அதே வருஷம் டிசம்பரில் 320. பத்து மாதத்தில் 74 கூடுமா? ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதுவும் குஞ்சாகிப் பிழைத்துப் பறக்க வேண்டும். கூடினது பாறுகளைவிட எண்ணின இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை, எண்ணுவது நல்லதுதான். ஆனால் எனக்குக் கூட்டுக் கணக்கில்தான் நம்பிக்கை. தம்பி டீயை முடித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டான்.

ஏப்ரல் 27

கூடு 14 காலி. போன வாரம் விளிம்பில் நின்று சிறகடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையிலிருந்து ஸ்கோப்பில் மரத்தடியை அலசினேன்: இறகு, எலும்பு எதுவும் தென்படவில்லை. 10 மணிக்கு மேல் வளைவுக்கு அப்பால், முதுகில் வெள்ளை இல்லாத பழுப்பு இளசு ஒன்று காய்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. "நம்ம பிள்ளைதான்" என்கிறார் அண்ணன். பக்கத்தில் 11ம் 17ம் இருக்கின்றனவே, அவற்றின் பிள்ளையாகவும் இருக்கலாம்.

படிவத்தில் 'பறந்தது' கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.