திரை விலகப் பதினைந்து நிமிடம்

காலையிலிருந்து ஓபரா என்னும் இசை நாடகப் பாடகி இலியானா கொட்ருபாஷின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1939-இல் ருமேனியாவின் கலாட்ஸ் நகரில் பிறந்தவர். சிறுமியாக வானொலிக் குழந்தைகள் குழுவில் பாடியவர். 1975 ஜனவரியில் இத்தாலியின் மிலான் நகர லா ஸ்காலா ஓபரா அரங்கில், 'லா போயெம்' ஓபராவின் நாயகி மிமியாகப் பாடவேண்டிய மிரெல்லா ஃப்ரெனிக்கு உடல்நலமில்லை. இங்கிலாந்திலிருந்து இவரை விமானத்தில் வரவழைத்தார்கள். வந்து சேர்ந்தபோது திரை விலகப் பதினைந்தே நிமிடம்! அன்றிரவு அரங்கம் அவர் வசமானது.

ஆனால் என்னை உருக்குவது கார்லோஸ் கிளைபர் இசைக்குழுவை நடத்த, இவர் பாடிய 'லா டிராவியாட்டா' ஓபராவின் ஒலிப்பதிவுதான். சாகக் கிடக்கும் நாயகி வியலெட்டாவாக இவர் கடிதம் வாசிக்கிறார். அங்கே பாட்டில்லை, வெறும் பேச்சு. பின்னால் மெல்லிய வயலின். முடிவில், 'காலம் கடந்துவிட்டது' என்கிறார். அந்த இடத்தை மட்டும் நான்கு முறை கேட்டுவிட்டேன்.