மீன்பிடித் தடைக்காலத்தில் பாப்பாவை டயப்பரிலிருந்து பழக்கி எடுத்தோம்

எங்கள் வீடு ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் ஊரில், வடக்குக் கடல் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது ஏழு மாதம், பகலில் டயப்பர் போடுவதை விட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்க" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. வயசு முக்கியம்தான், ஆனால் பிள்ளை தயாரா என்று பார்க்கிற மாதிரியே வீடு தயாரா என்றும் பார்க்க வேண்டும். அதை நான் முதல்தடவை பார்க்கவில்லை, அதனால் பிள்ளைதான் கஷ்டப்பட்டாள்.

முதல்தடவை ஆரம்பித்தது போன நவம்பரில், அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். துணி காயாது. வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை, வந்தாலும் மீனை இறக்கி வலையைப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் சாயங்காலம் வரை எழ முடியாது. அத்தைக்கு முழங்கால் வலி. ஆக எல்லாம் என் ஒருத்தி கையில். அப்போது எதற்கு ஆரம்பித்தேன் என்றால், சொந்தத்தில் ஒருவர் "எங்க பேத்தி ஒரு வயசுலயே சொல்லிருவா" என்று சொன்னார், அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாள் பிடித்து வைப்போம், வராவிட்டால் வண்டித் தண்ணீர்தான், எங்கள் தெருவில் குடம் பத்து ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு ஜட்டி, நாலு பாவாடை, தரை துடைக்கிற துணி என்று உப்புத் தண்ணீரில் அலசினால் சோப்பு நுரைக்காது, காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதைப் போட்டுவிட்டு அவள் தொடை இடுக்கில் எல்லாம் சிவந்துபோனது. அப்புறம்தான் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். செலவுதான், ஆனால் பிள்ளையின் தோலுக்கு முன்னால் பத்து ரூபாய் பெரிதில்லை.

அந்த நவம்பரில் நடந்த பெரிய தப்பு வேறு. டயப்பரை திடீரென்று எடுத்துவிட்டேன், அவளுக்கோ ஆயி இருக்க டயப்பர் கட்டியிருக்க வேண்டும் என்று பழக்கம். ஒரு நாள் அடக்கினாள், இரண்டு நாள் அடக்கினாள், மூன்றாம் நாள் கதவு மூலையில் போய் நின்று காலைப் பின்னிக்கொண்டு முகமெல்லாம் சிவந்து முக்கினாள். நான் முக்குகிறாள் என்றுதான் நினைத்தேன், உண்மையில் அது வெளியே வராமல் இருக்க அவள் இறுக்குகிறது. கெட்டியாக வந்து ஆசனவாயில் லேசாகக் கீறி ரத்தம் பட்டுவிட்டது. அதோடு பயம் பிடித்துக்கொண்டது. வலிக்கும் என்று அடக்குவாள், அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும், கெட்டியானதால் இன்னும் வலிக்கும். அவள் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது.

அத்தை வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம் என்றார், பக்கத்து வீட்டு அக்கா சோப்புத் துண்டு வைக்கச் சொன்னார். இரண்டையும் செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு சோப்பு எரிச்சலைக் கூட்டும், காம்பு புண்ணைக் கிளறும், இரண்டும் வேண்டாம் என்றார். மலம் இளகிப் போக லாக்டுலோஸ் சிரப் எழுதினார், எடைக்குத் தகுந்த அளவு அவரே சொன்னார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் பால் குடித்துக்கொண்டிருந்தாள், பால் குடித்த வயிற்றில் சோறும் இறங்காது காயும் இறங்காது. பாலை அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார். கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, நிறையத் தண்ணீர். அப்புறம் ஒன்று சொன்னார்: "டயப்பரைத் திரும்பப் போடுங்க. வலி இல்லாம போறதுதான் இப்ப முக்கியம். பழக்குறது ரெண்டு மூணு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்." தோற்றுவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. வயிறு சரியாகாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். மார்கழி, தை முழுக்க அதை மட்டும்தான் பார்த்தோம்.

எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்பதற்கு டாக்டரம்மா சில அடையாளம் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரமாவது டயப்பர் நனையாமல் இருக்க வேண்டும், சொன்ன சின்ன வேலையைச் செய்ய வேண்டும், ஜட்டியைத் தானே கீழே இழுக்கத் தெரிய வேண்டும், நனைந்தால் அவளுக்கே பிடிக்காமல் போக வேண்டும். மாசி மாதத்தில் ஒருநாள் டயப்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து "சீ" என்றாள். சரி, பிள்ளை தயாராகிவிட்டது. அப்போதும் உடனே ஆரம்பிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் இங்கிருந்து நிறையப் பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போவார்கள், போன வருஷம் இவரும் போனார். இந்த வருஷம் போகாதீங்க என்று கேட்டேன். வருமானம் போகும், அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயில் இரண்டு மாதம் ஓடாது என்று தெரியும். இருந்தாலும் இருக்கிறேன் என்றார். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கிற வேலை இங்கேயே இருந்தது, காலையில் போய்விட்டு மதியம் வந்துவிடுவார். சித்திரை வெயிலில் ஜட்டி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஜூனில் பால்வாடியில் சேர்க்கவும் நினைத்திருந்தோம். எல்லாம் ஒன்றுகூடி வந்தது.

முதல் வாரம் ஒன்றுமே செய்யவில்லை, குறித்து மட்டும் வைத்தோம். டயப்பரை அடிக்கடி தொட்டுப் பார்த்து, எப்போது நனைகிறது, எப்போது ஆயி போகிறாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஏழு நாள் தாளைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெரிந்தது. தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆயி எப்போதும் காலைச் சாப்பாடு முடிந்து கால் மணியிலிருந்து அரை மணிக்குள். சாப்பாடு வயிற்றில் இறங்கினதும் குடல் அசைய ஆரம்பிப்பது எல்லோருக்கும் உள்ளதுதானாம். நவம்பரில் நினைத்த நேரமெல்லாம் உட்காரவைத்து அவளையும் என்னையும் வதைத்தேன். இப்போது இட்லி சாப்பிட்டு முடித்தால் பத்து நிமிஷம் விளையாட்டு, அப்புறம் ஐந்து நிமிஷம் உட்காருவது, வராவிட்டால் எழுப்பிவிடுவது, அவ்வளவுதான்.

குறிக்கும்போதே இன்னொன்று கண்ணில் பட்டது. நான் "ஆயி" என்பேன், அத்தை "வெளிக்கி" என்பார், அவர் "ரெண்டுக்கு" என்பார். அவளுக்கு எந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. உட்கார்ந்து பேசி, ஒண்ணுக்கு, ஆயி, இந்த இரண்டு வார்த்தைதான் வீட்டில் எல்லோரும் என்று முடிவு செய்தோம். அத்தைக்கு நாக்கு பழக ஒரு வாரம் ஆனது. இது கேட்கச் சின்ன விஷயம், ஆனால் என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்தது, ஏனென்றால் பத்தாம் நாளே அவள் வாயிலிருந்து "ஒண்ணுக்கு" வந்துவிட்டது. போன பிறகுதான் சொன்னாள். அதுவும் பெரிய விஷயம், அதற்கே அவளைத் தூக்கிக் கொஞ்சினோம்.

பிளாஸ்டிக்கில் ஆயி நாற்காலி ஒன்று ராமநாதபுரத்தில் வாங்கினோம். முதலில் திண்ணையில், அப்புறம் வாசலில், அப்புறம் கக்கூஸ் கதவுக்கு வெளியே என்று சில நாளுக்கு ஒரு தடவை தள்ளித் தள்ளி வைத்தோம். அதில் இருந்ததை அவள் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்க் கோப்பையில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, டாட்டா சொல்லச் சொன்னோம். பெண் பிள்ளை என்பதால் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால்தான், இல்லையென்றால் மூத்திரப் பாதையில் கிருமி போய்விடும். அத்தைக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அத்தையோடு ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. "மணல்ல குழி தோண்டி உக்கார வையித்தா, நாங்க எல்லாம் அப்படித்தான வளந்தோம், சின்னப் புள்ள ஆயில என்ன இருக்கு" என்பார். பிள்ளைகளின் மலத்திலும் நோய்க்கிருமி உண்டு, புழு முட்டையும் உண்டு. கொக்கிப்புழு வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறிவிடும், எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த மணலில்தான் செருப்பில்லாமல் ஆடுகின்றன. பால்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுப்பது இதற்குத்தானே அத்தை என்று கேட்டேன். அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நானும் அவரிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். பாப்பா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே, கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து அதன்மேல் அவளை உட்காரவைத்து, "உஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து ஒண்ணுக்கு இருக்க வைத்தவர் அவர். டயப்பர் வசதி வந்ததும் நான்தான் அதை நிறுத்தினேன். இப்போது நாற்காலியில் உட்காரவைத்து அதே "உஸ்ஸ்" சத்தம் கொடுத்ததும் சட்டென்று வந்தது. உடம்பு மறக்கவில்லை.

கக்கூஸ்தான் கடைசிக் கண்டம். எங்களுடையது வீட்டுக்குப் பின்னால், தனியாக, குந்தி உட்காருகிற கோப்பை. உள்ளே இருட்டு. பெரியவர்கள் கால் வைக்கிற இடத்தில் அவளால் காலை அகட்டி உட்கார முடியாது, குழிக்குள் விழுந்துவிடுவோம் என்று பயம், கதவுப் பக்கம் போனாலே கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க அதற்குள்ளேயே இருந்தார். கதவுக்கு மேல் பல்ப் மாட்டினார். கோப்பை குறுகலாக இருக்கிற பக்கம் அவள் கால் எட்டுகிற அகலத்தில், படகுக்கு அடித்து மிஞ்சின பச்சை பெயிண்டில் இரண்டு சின்னக் கால் தடம் வரைந்தார், அவளையே நிற்கவைத்து அளவெடுத்து. படகில் மிச்சம் கிடந்த நீல நைலான் கயிற்றைக் குழாயில் கட்டி, அவள் கைக்கு அடங்குகிற மாதிரி நாலு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டு குந்தினால் ஆடாமல் இருக்கும். முதல்நாள் ஜட்டியோடு வெறுமனே குந்தி எழுந்தாள், கயிற்றை விடவே மாட்டேன் என்றாள். நாலாம் நாள் அதில் ஒண்ணுக்கு இருந்தாள். ஆயி இருக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. கத்திரி வெயில் முடிகிற நேரம், பெயிண்ட் தடத்தில் காலை வைத்து முடிச்சைப் பிடித்துக்கொண்டு "அப்பா வெளிய நில்லு" என்றாள்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. மறுநாளே ஐஸ் ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினார். அன்று சாயங்காலமே பாப்பா பாயில் ஒண்ணுக்கு இருந்தாள், அடுத்த நாள் ஐந்து தடவை, கக்கூஸ் பக்கம் வரவே மாட்டேன் என்றாள். இரண்டு மாதமாகக் கூடவே இருந்த அப்பாவைக் காணவில்லை, பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? நவம்பரில் என்றால் அதட்டியிருப்பேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, துடைத்துவிட்டு ஜட்டியை மாற்றிவிட்டு பழைய நேரப்படி நாற்காலியையே மறுபடி வாசலில் போட்டேன். அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து "ஆயி" என்றே சொல்லிக் கதை பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் அவளாகவே கயிற்றிடம் போய்விட்டாள்.

பால்வாடியில் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய் அங்கே உள்ள டாய்லெட்டைக் காட்டினேன், டீச்சரிடமும் ஆயாவிடமும் அவள் சொல்கிற இரண்டு வார்த்தையைச் சொல்லி வைத்தேன். பையில் இரண்டு ஜட்டி. முதல் வாரம் இரண்டும் நனைந்து வந்தது, இப்போது பெரும்பாலும் மடித்தபடியே வருகிறது.

ராத்திரிக்கு இன்னும் டயப்பர்தான். எழுப்பி உட்காரவைக்க வேண்டாம், ஐந்து வயது வரை ராத்திரி நனைப்பது சாதாரணம், உடம்பு தானாகப் பழகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், அதனால் அதில் அவசரம் இல்லை. முன்பு நாளைக்கு நாலு ஐந்து ஆன இடத்தில் இப்போது ஒன்று. போன வாரம் இரண்டு நாள் காலையில் காய்ந்தே இருந்தது, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.