வலிக்கு எத்தனை சொற்கள்

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அம்மாவை ஸ்காபரோவில் உள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். நான் ஊரில் உயர்தரம் வரை படித்தவள், ஆங்கிலப் பத்திரிகையைத் தடங்கலின்றி வாசிப்பவள் என்ற நம்பிக்கையில் மொழிபெயர்ப்பாளர் எவரையும் கேட்கவில்லை. “இடுப்பில இருந்து குதிக்கால் வரைக்கும் மின்னல் மாதிரி வெட்டுது, பிறகு எரியுது, இரவில கால் விறைச்சுப் போகுது, பிள்ளை” என்றார் அம்மா. கால் வலி, கடுமையான வலி என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பத்துக்கு எத்தனை என்று வைத்தியர் கேட்டபோது ஏழு என்றேன். வலி மாத்திரையோடு வீடு திரும்பும் வழியில், “நான் சொன்னதெல்லாத்தையும் சொன்னனியே?” என்று அம்மா பஸ்ஸில் கேட்டார். அவர் தந்த விவரங்கள் அத்தனையும் என் வாயில் ‘பெயின்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டிருந்தன.

அதுவரை, உயர்ந்த ஆங்கிலம் என்றால் நீண்ட சொற்கள் என்றே எண்ணியிருந்தேன். ‘யுபிக்விட்டஸ்’, ‘மெட்டிக்குலஸ்’ போன்றவற்றைப் பட்டியலிட்டு மனனம் செய்திருந்தேன். தேர்வுகளில் அவை புள்ளிகளைப் பெற்றுத் தந்திருக்கின்றன. ஆனால் கால் விறைப்பதற்கும் கால் உளைவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை.

புதிதாக வந்தோருக்கு அரசு இலவசமாக நடத்தும் ‘லிங்க்’ ஆங்கில வகுப்பில் அப்போது சேர்ந்திருந்தேன். அங்கு இந்தச் சிக்கலைச் சொன்னபோது, ஆசிரியை ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தார். மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல் அது. நோயாளிகள் தம் வலியைச் சொல்லும் சொற்களே நோயை இனங்காண உதவும் என்று கருதிய அவர், 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் மென்மையிலிருந்து கடுமைக்குப் போகும் வரிசையில் அடுக்கியிருந்தார். துடிக்கும் வலிக்கு மட்டும் ‘ஃப்ளிக்கரிங்’ தொடங்கி ‘த்ரொபிங்’ ஊடாக ‘பவுண்டிங்’ வரை ஆறு சொற்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அகராதியைத் தேடவைக்கும் பெரிய சொல் அல்ல. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் கண் கலங்கியது. குத்து, குடைச்சல், கடுப்பு, உளைவு, எரிவு, விறைப்பு, வெட்டி இழுத்தல் என்று அம்மா நாள்தோறும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்வதை, ஒரு விஞ்ஞானி இவ்வளவு மதிப்போடு ஆராய்ந்து வைத்திருக்கிறார்!

அன்றிரவே சொற்பட்டியல்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு புதுக் கொப்பியைத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு தமிழ்ச் சொல். அதன் கீழே, அந்தப் பொருளை ஆங்கிலம் எப்படியெல்லாம் பிரிக்கிறதோ அவை. ‘பார்த்தல்’ என்ற பக்கத்தில் ஒருகணம் பார்ப்பதற்கு ‘கிளான்ஸ்’, வெறித்துப் பார்ப்பதற்கு ‘ஸ்டேர்’, முறைப்பதற்கு ‘கிளேர்’, கண்ணை இடுக்கி உற்றுப் பார்ப்பதற்கு ‘பியர்’ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் அன்று கண்ட ஒரு காட்சியை வாக்கியமாக்கினேன். தனிச்சொல்லாகப் படித்தவை ஒரு வாரத்தில் மறந்தன; பஸ்தரிப்பில் என்னை முறைத்த முதியவரோடு சேர்ந்து வந்த சொல் இன்றும் மறக்கவில்லை.

பின்னர் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தபோது வேறொரு குறை தெரியவந்தது. ‘போஸ்ட்போன்’, ‘டொலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்று நான் பேச, சக ஊழியர்கள் ‘புட் ஓஃப்’, ‘புட் அப் வித்’, ‘லுக் இன்ரு’ என்றார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்ததே; சேர்ந்து வந்தால் மட்டும் விளங்கவில்லை. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் வீற்றிருக்க, பழைய ஆங்கிலம் வீட்டிலும் வயலிலும் தங்கியது என்பதை வாசித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. நாங்கள் பாடசாலையில் கற்றது பெரும்பாலும் மேல்தட்டுச் சொற்களை; சக ஊழியர்கள் பேசியதோ வீட்டிலும் வயலிலும் தங்கிய சொற்களை. ‘ஃபயர்’, ‘ஃப்ளேம்’, ‘கொன்ஃப்ளகிறேஷன்’ என்று ஆங்கிலத்தில் அடுக்குகள் இருப்பது, தீ, நெருப்பு, அக்கினி என்று வளர்ந்த நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு எவரும் அக்கினி என்று சொல்வதில்லையே.

கல்லூரியில் சேர எண்ணுவோருக்கு, நியூசிலாந்து மொழியியலாளர் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 570 சொற்குடும்பங்களின் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) பட்டியலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாடநூல்களில் அவை திரும்பத் திரும்ப வரும். வைத்தியரின் அறைக்கு அது போதாது.

பனி உருகிய பிறகு அம்மாவை அதே வைத்தியரிடம் மீண்டும் அழைத்துச் சென்றேன். முதல் நாள் இரவு இருவரும் குசினி மேசையில் அமர்ந்து, கொப்பியில் ‘வலி’ என்ற பக்கத்தை வரி வரியாகப் பார்த்திருந்தோம். இடுப்பிலிருந்து குதிக்கால் வரை ‘ஷூட்டிங்’, அதன்பின் ‘பர்னிங்’, இரவில் பாதம் மட்டும் விறைத்துப்போகிறது என்று நான் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன். வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவைக் கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடியாமல் காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரத்திலேயே அம்மா “அம்மாடி” என்று கத்திவிட்டார். நோவு காலில் இல்லை, முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் நசுங்கும் நரம்பில் இருக்கக்கூடும் என்று வைத்தியர் விளக்கி, ஸ்கேனுக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் கடிதம் எழுதினார்.

‘உளைவு’ என்ற வரிக்கு எதிரே ‘ஏக்கிங்’ என்றும் ‘ஹெவி’ என்றும் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டிருந்தேன். அதை என்ன செய்தாய் என்று அம்மா திரும்பும் வழியில் கேட்டார். அதற்குச் சரியான சொல் இன்னும் கிடைக்கவில்லை என்றேன். “அப்ப அடுத்த முறை அந்த டொக்டருக்கு உளைவு எண்டே சொல்லிக் குடு” என்றார்.