நாலு கார்டும் ரேடியோஹெட்டும்

ரேடியோஹெட்ங்கற இங்கிலாந்து ராக் இசைக்குழுன்னா பலருக்கும் 1992ல வந்த ‘கிரீப்’ பாட்டு மட்டும்தான். ஜி, பி, சி, சி மைனர்: பாட்டு முழுக்க இந்த நாலு கார்டுதான் (chord, பல சுரங்களைச் சேர்த்து ஒண்ணா வாசிக்கறது) சுத்தும். கோரஸுக்கு முன்னாடி குழுவோட கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் போடற ‘க்ரக் க்ரக்’தான் அதுக்கு உயிர். இடது கை விரலைக் கம்பிமேல சும்மா வெச்சு, டிஸ்டார்ஷனோட (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கற எஃபெக்ட்) ஓங்கி அடிக்கணும். அழுத்திட்டா சுரம் கேட்டுடும், போச்சு.

1997ல ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் பெரிய வெற்றி. அதையே திருப்பிப் போடாம, 2000ல ‘கிட் ஏ’வுல கிட்டாரையே ஓரங்கட்டினாங்க, சிங்கிளும் (தனிப்பாட்டு வெளியீடு) விடல. (அவங்க உச்சம் இதுதான், சண்டைக்கு வரலாம்.)

இ.எம்.ஐ. இசை நிறுவனத்தோட போட்ட ஒப்பந்தம் முடிஞ்சபிறகு, 2007 அக்டோபர்ல ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பம்: இஷ்டப்பட்ட விலைக்கு டவுன்லோட், காசே கொடுக்காமலும் எடுத்துக்கலாம்னாங்க. ஆனா அந்த எம்பி3 வெறும் 160 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் டேட்டாங்கற கணக்கு; குறைஞ்சா ஒலித்தரமும் குறையும்). நல்ல ஹெட்போன் வெச்சிருக்கறவங்க சிடியைத் தேடுங்க.