ஒரே வரி

விடியற்காலையில் மகளின் நெற்றியைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது.

ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் நுண்ணோக்கி எனக்காகப் பதிவாகியிருந்தது. அந்த நேரம் கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தேன்.

பேராசிரியருக்கு விளக்கமாக நான்கு பத்தி தட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி அனுப்பினேன்: "இன்று வப்."

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு ஸ்வீடனில் இப்படி ஒரு குட்டிச் சொல். பிள்ளைகள் அதிகம் காய்ச்சலில் விழும் பிப்ரவரியை 'வப்ருவரி' என்றே சொல்கிறார்கள்.

பத்து நிமிடத்தில் பதில். "சீக்கிரம் தேறட்டும். உன் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் பார்க்கலாம்."

அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியர்கள். கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு. இன்று போன்ற நாளுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அரசுக் காப்பீட்டிலிருந்து வரும். மகள் பிறந்தபோது எங்கள் இருவருக்கும் சேர்த்து 480 நாள் பெற்றோர் விடுப்பு. அதில் 90 நாள் எனக்கே உரியது, மனைவிக்குக்கூட மாற்றித் தர முடியாது. நான் விடுப்பில் இருந்த மாதங்கள் நான்கு வருட ஆய்வுக்காலத்தில் கழியவில்லை. ஒப்பந்தம் அந்த அளவுக்கு நீண்டது.

உதவித்தொகையில் வந்து, ஊழியராக இல்லாமல் அதே ஆய்வைச் செய்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு முழுதாக வாய்ப்பதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் அவர்கள் பிள்ளைகளுக்கும்தானே வரும்.

மகள் மடியில் தூங்குகிறாள். சூடு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.