கேட்ல வாங்குற பாஸ்

கரண்ட் போனா பேக்கப் குடுக்குற யூபிஎஸ் மெஷின் சர்வீஸ் பண்ற வேலைங்கறதால வாரத்துக்கு அஞ்சாறு கம்பெனி கேட்ல நின்னு என்ட்ரி போடுறவன் நான். சென்னை ஓஎம்ஆர் ரோட்டு ஐடி பார்க்னா கூப்பிட்டவங்களே முன்னாடி பேர் போட்டு வச்சிருப்பாங்க, போன்ல கியூஆர் கோடு வரும், காட்டுனா போட்டோ எடுத்து பாஸ் அடிச்சு குடுத்துடுவாங்க, லேப்டாப் சீரியல் நம்பர் மட்டும் எழுதணும். ஒரகடம் பக்கம் பேக்டரினா மொதல்ல சேஃப்டி வீடியோ, அப்புறம் ஷூ ஹெல்மெட், போன் கேமரா மேல ஸ்டிக்கர். மருந்து கம்பெனில காய்ச்சல் இருக்கா, கையில வெட்டுக்காயம் இருக்கானு கேட்டு கையெழுத்து வாங்குவாங்க, மோதிரம் வாட்ச் எல்லாம் கழட்டணும். டேட்டா சென்டர்ல நம்மகூட அவங்க ஆள் ஒருத்தர் வராம ஒரு அடி நகர முடியாது.

ஆரம்பத்துல லேட்டாகுதேன்னு எரிச்சலா இருக்கும். ஒரு பேக்டரில நான் உள்ள இருக்கப்போ ஃபயர் அலாரம் அடிச்சுது, எல்லாரும் வெளிய ஒண்ணா கூடுற எடமான அசெம்பிளி பாயின்ட்டுக்கு ஓடுனோம், அங்க விசிட்டர் லிஸ்ட்ட வச்சு என் பேரையும் கூப்பிட்டு எண்ணுனாங்க. வெளியாள்தானேன்னு விடல. அவுட் டைம் போடாம கெளம்பிட்டா, உள்ள இல்லாத ஆள தேடி ஒருத்தர் நெருப்புக்குள்ள போக வேண்டி வரும்ல. அன்னைலேந்து ஒரு தடவ கூட மறந்ததில்ல.

ஆனா இன்னும் நிறைய ஆபீஸ், அபார்ட்மென்ட்ல பழைய நோட்டுதாங்க. மேல் வரில எழுதுன பொண்ணோட பேரு, போன் நம்பர் எல்லாம் அடுத்து வர்றவன் கண்ணுக்கு அப்படியே தெரியுது. தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டம் 2023லயே பாஸாயிடுச்சு. பாஸ் அடிக்கிற மெஷின் வாங்க காசில்லனா பரவால்ல, மேல் வரிய மூட ஒரு அட்டையாவது வைங்க, ப்ளீஸ்.