டச்சு மொழியில் வினையும் அளவும்

ஆங்கில வழிப் பாடநூல்களைக் கொண்டு டச்சு கற்கத் தொடங்கிய நான், தடுமாறிய இடங்கள் சிலவற்றில் தமிழே எனக்கு நேராக வழிகாட்டியிருக்கும் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

முதன்மை வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பது டச்சு மொழியின் அடிப்படை விதி. இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அன்று, வாக்கியத்தின் இரண்டாவது உறுப்பு. 'நான் இன்று பால் வாங்குகிறேன்' என்பதை 'இக் கோப் ஃபன்டாக் மெல்க்' என்பார்கள். 'ஃபன்டாக்', அதாவது 'இன்று', முதலில் வந்தால் 'ஃபன்டாக் கோப் இக் மெல்க்' என்றாகும். 'கோப்' என்ற வினை தன் இடத்திலேயே இருக்க, 'இக்' என்ற எழுவாய்தான் அதற்குப் பின்னே செல்கிறது.

சார்பு வாக்கியத்திலோ வினை இறுதிக்குச் சென்றுவிடுகிறது. காரணம் கூறுவதற்கு 'வான்ட்', 'ஒம்டாட்' என இரு சொற்கள் உண்டு. 'வான்ட்' வந்தால் வரிசை மாறாது. 'ஒம்டாட்' வந்தால் 'ஒம்டாட் இக் ஃபன்டாக் மெல்க் கோப்' என வினை கடைசியில் நிற்கும். முன்னதை 'ஏனெனில்' என்றும், பின்னதை 'வாங்குவதால்' என்பதில் உள்ள 'ஆல்' என்றும் மனத்தில் கொண்ட பிறகு இந்தக் குழப்பம் எனக்கு வரவில்லை. தமிழில் வினை இயல்பாக நிற்கும் இடமே அங்கு அதன் இடம்.

அளவுகளிலும் இந்த நெருக்கம் தெரிகிறது. 'இரண்டு லிட்டர் பால்' என்று நாம் இடையில் எதுவும் சேர்க்காமல் சொல்வதைப் போலவே அவர்களும் 'ட்வே லீட்டர் மெல்க்' என்கிறார்கள். எண்ணுக்குப் பின் கிலோ, மீட்டர், யூரோ ஆகியவை ஒருமையிலேயே இருக்கும். ஆண்டைக் குறிக்கும் 'யார்', மணியைக் குறிக்கும் 'ஊர்' ஆகியவையும் அப்படியே. ஆனால் நாள், வாரம், மாதம், நிமிடம் ஆகியவை பன்மை ஏற்கும். இதை மனப்பாடம் செய்வதே நல்லது.

தமிழ் நம்மைத் தவறாக வழிநடத்தக்கூடிய இடம் 'அரை'. ஒன்றரையை 'ஆண்டர்ஹால்ஃப்' என்பார்கள்; 'ஆண்டர்' என்பதற்கு இங்கே 'இரண்டாவது' என்ற பழம்பொருள், ஆகவே இரண்டாவதில் பாதி. 'ஹால்ஃப் ட்ரீ' என்ற நேரமும் இதே கணக்கில் அமைந்தது: 'ட்ரீ' மூன்று என்றாலும், மூன்றாம் மணியில் பாதியே கழிந்திருப்பதால், அது மூன்றரை அன்று, இரண்டரை.